ஆயா சொன்ன உயிர்க் காலேஜ்

வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. அங்கே 1967-இல் தொடங்கிய சிறிய மிருகக்காட்சிசாலைக்குப் பள்ளி விடுமுறையில் ஆயாவோடு போயிருந்தேன். புள்ளிமான் ஒன்று கம்பிவலை ஓரம் வந்து ஆயாவின் முந்தானையை மோந்து பார்த்தது. வலைக்குள் விரலை நுழைத்து அதன் நெற்றியை வருடியபடியே, "எங்க உயிர்க் காலேஜுல இருந்த புலி, சிங்கத்தையெல்லாம் சுட்டுட்டாங்கடா கண்ணு" என்றார். ஆயா சென்னை சூளையில் பிறந்து வளர்ந்தவர். யார் சுட்டது, எதற்கு என்று கேட்டேன். "சண்டைக் காலம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆயா காலமான பிறகுதான் அந்த ஒரு பேச்சின் அடியைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் அந்தப் பெயர். எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைக்காரர்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர்க் காலேஜ்'. இரண்டுமே ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் ஸ்காட்லாந்து மருத்துவர் எட்வர்டு பால்ஃபர். உயிருள்ள விலங்குகளை அங்கே வைத்ததும் கூட்டம் பெருகியதைக் கண்டு, 1855-இல் அதே வளாகத்தில் மிருகக்காட்சிசாலை தொடங்கினார். கர்நாடக நவாபும் தம்மிடமிருந்த விலங்குகளைக் கொடுத்து உதவினார்.

அடுத்து, அந்த இடம். ஆளுநர் டிரெவெல்யன் 1859-இல் உருவாக்கிய பீப்பிள்ஸ் பார்க், இன்றைய சென்ட்ரலை ஒட்டி 116 ஏக்கரில், குளங்களும் நடைபாதைகளுமாகப் பரந்திருந்தது. 1860-களில் விலங்குகள் அங்கே குடிபோயின. ஏழை, பணக்காரர் பேதமின்றி நகரமே காற்று வாங்கிய தோட்டம் அது.

பிறகு வந்தது ஆயா சொன்ன சண்டை. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். உயர் நீதிமன்றம்கூட கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் கொடிய மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். மலபார் சிறப்புக் காவல் படையினர் வரவழைக்கப்பட்டார்கள். கூண்டுக்குள் இருந்தபடியே சிங்கம், புலி, சிறுத்தைகள் சுடப்பட்டன.

அஞ்சிய அந்தப் பெருந்தாக்குதல் வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி. போருக்குப் பின் கூண்டுகளுக்கு மறுபடி விலங்குகள் வந்தன. 1985-இல் வண்டலூர் உயிரியல் பூங்கா திறக்கப்பட்டதோடு உயிர்க் காலேஜின் கதை முடிந்தது. பீப்பிள்ஸ் பார்க் நிலத்தையோ ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. மிச்சமிருக்கும் மைலேடி பூங்காவில் ஒரு மாலை முழுக்க நடந்தேன். அந்த ஏப்ரலைச் சொல்லும் ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை.

விலங்குக்கும் கல்லில் இடம் தந்த மண் இது. ஜவ்வாது மலை பரவியிருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் கவர வந்தவர்களை எதிர்த்து மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அவனருகே காவல் நின்ற நாயையும் அதே கல்லில் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது.

மனிதர் போட்ட சண்டைக்குக் கூண்டுக்குள் நின்றபடி உயிர் கொடுத்த விலங்குகளுக்கும் ஒரு கல் வேண்டும். மைலேடி பூங்காவில் முழங்கால் உயரத்துக்கு இருந்தால் போதும். 'உயிர்க் காலேஜ், ஏப்ரல் 1942' என்று மட்டும் வெட்டுங்கள்.