சீனத்துப் பாட்டியும் என் பீ.பி.யும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம். சோம்பேறித்தனம் பாதி, மானப் பிரச்சினை மீதி. ஏன்னு போகப் போகத் தெரியும்.

2018-ல் ஒரு நாள் தலைசுற்றலோட பாலிகிளினிக் போனேன். ரத்த அழுத்தம் 160/100. மாத்திரை எழுதிக் கொடுத்து, "உடம்பை அசைங்க" என்று அனுப்பி வைத்தார் டாக்டர். ஓடினால் முட்டி அழும், ஜிம்முக்குப் போனால் பர்ஸ் அழும். யோகா? ஊர்ல இருந்தப்பவே பத்மாசனத்துல உட்கார்ந்துட்டு, பிரிச்சு விட ஆள் தேடினவன் நான்.

அங் மோ கியோவில் எங்க பிளாக்குக்குக் கீழே, வாய்ட் டெக்கில், தினமும் காலையில பத்துப் பதினைந்து சீனத் தாத்தா பாட்டிகள் நின்று காற்றைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பல வருஷமா அவங்களைத் தாண்டித்தான் எம்.ஆர்.டி.க்கு ஓடுவேன். அன்னிக்கு நின்னு பார்த்தேன். எழுபது தாண்டிய ஒரு ஆன்ட்டி, "கம், கம்! நோ நீட் மணி லா" என்று கையசைத்தார். காசு வேண்டாம்னா தமிழன் போகாம இருப்பானா?

அவங்க செய்தது சீகொங்கில் 'பாதுவான்ஜின்' என்கிற வகை. 'எட்டுத் துண்டுப் பட்டு' என்று அர்த்தம். எட்டே அசைவுகள். இரண்டு கையாலும் வானத்தைத் தாங்குவது, வில்லை இழுத்துப் பருந்தைக் குறி வைப்பது, தலையைச் சுழற்றி வாலை ஆட்டுவது (வால் நமக்கு ஏற்கனவே உண்டு என்பது வீட்டம்மா கருத்து), முஷ்டியை இறுக்கிக் கண்ணை உருட்டி முறைப்பது, கடைசியாகக் குதிகாலை ஏழு தடவை உயர்த்தித் தரையில் தட்டுவது. மொத்தமே கால் மணி நேரம்தான். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். மூச்சோடு சேர்த்து மெதுவாகச் செய்து பாருங்கள், மூன்றாவது அசைவிலேயே தொடை நடுங்கும்.

'சீ' என்றால் என்னன்னு கேட்டேன். ஆன்ட்டி என் செய்தித்தாளின் ஓரத்தில் பழைய சீன எழுத்தை எழுதிக் காட்டினார். மேலே ஆவி, கீழே அரிசி. வேகிற சோற்றிலிருந்து எழும்புகிற ஆவி! இப்போதைய எளிய எழுத்தில் அரிசியை எடுத்துட்டாங்களாம். "ரைஸ் நோ மோர், ஒன்லி ஏர்" என்று சிரித்தார். 'கொங்' என்றால் காலம் போட்டு உழைத்துப் பெறும் திறமை. தொப்புளுக்குக் கீழே மூன்று விரலளவில் 'தான்தியென்' என்று ஓர் இடம். மனசு அங்கே நிற்கணும். மேலே லேசு, கீழே கனம். நம்மை மாதிரி நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றவங்களுக்கு நேர் தலைகீழ்: தலை கொதிக்கும், கால் மரத்துப் போகும்.

கொஞ்சம் சரித்திரமும் சொல்லிடறேன். 1970-களில் சாங்ஷா நகரத்துக்குப் பக்கத்தில் மாவாங்துய் கல்லறைகளைத் தோண்டியபோது, பட்டுத்துணியில் 44 மனிதர்கள் இப்படிப் பயிற்சி செய்கிற ஓவியம் கிடைத்தது. அந்தக் கல்லறை கி.மு. 168-ல் மூடப்பட்டது. ஆனால் 'சீகொங்' என்ற பெயர் இப்படிப் புழக்கத்துக்கு வந்தது 1950-களில், லியூ குய்ஜென் என்பவரால். 80, 90-களில் சீனாவில் இது பெரிய பித்தாகவே பரவியது; நோயெல்லாம் கைவீச்சில் போகும் என்று சொன்னவர்களும் கிளம்பினார்கள். 2003-ல் அரசாங்கமே நாலு வகைகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. எங்க ஆன்ட்டி செய்வது அதில் ஒன்று.

இப்போ மானப் பிரச்சினை.

மூணு மாசத்துல நல்ல தூக்கம். பீ.பி. 130-க்கு இறங்கிச்சு. எனக்குத் தலைக்கனம் ஏறிச்சு. 'உள்ளே சீ ஓடுது, மாத்திரை எதுக்கு?' யாருக்கும் சொல்லாம நிறுத்திட்டேன். ஆறு வாரம் கழித்து, தலையைச் சுழற்றுகிற அசைவில் உலகமே சேர்ந்து சுழன்றது. தூணைப் பிடிச்சுக்கிட்டேன்.

ஆன்ட்டி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "மெடிசின் ஈட்?"

"நோ ஆன்ட்டி... சீ இனஃப்."

அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். ஏழு நாளுக்கு ஏழு அறை. ஒவ்வொன்றிலும் மாத்திரை. "தர்ட்டி இயர் ஐ டூ திஸ். ஐ ஆல்சோ ஈட். யூ த்ரீ மன்த், ஸோ க்ளெவர்!" அப்புறம் மெதுவா, "யூ க்ரீடி" என்றார்.

அந்த ஒரு சொல் சுருக்குனு தைச்சது. சமநிலைக்காக ஆரம்பிச்ச விஷயத்துலேயே பேராசை! அன்னிக்கு கிளினிக்கில் 172. வீட்டம்மா ரெண்டு நாள் பேசவே இல்லை; அந்த ஏழாவது அசைவை மட்டும் பயிற்சியே இல்லாமல் செய்து காட்டினார்.

'சீ' இருக்கா, இல்லையா? அதை அளக்கிற கருவி எதுவும் கிடையாது. நான் வாதாட வரலை. மெதுவான அசைவு, ஆழமான மூச்சு, கால் மணி நேரம் போனைத் தொடாத மனசு... இதெல்லாம் நல்லது செய்யும்னு நம்ப எனக்குப் பெரிய தத்துவம் தேவைப்படலை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக எல்லாம் அடைத்தபோது வாய்ட் டெக் காலியாச்சு. சமையலறையில் தனியாகச் செய்தேன். மூணாம் நாள் வீட்டம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. ஆவியும் அரிசியும்!

இப்பவும் தினமும் எட்டு அசைவு, அப்புறம் ஒரு மாத்திரை. இந்த வரிசைக்கு ஆன்ட்டியின் அங்கீகாரம் உண்டு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீங்க மக்கா. அப்படி நிறுத்தறதா இருந்தா, முதல்ல ஆன்ட்டிகிட்ட அனுப்பி வைக்கிறேன் :-)