உப்பும் கிரீசும்

ஜூன் 9, ஞாயிறு
முட்டத்துப் பாறையில் அலை ஏறி அடிக்கிறது. மேற்குக் கரை விசைப்படகுகளுக்கு ஜூலை 31 வரை தடைக்காலம். இதே மாவட்டத்தின் சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கு. அங்கே 14ஆம் தேதியோடு தடை முடிகிறது. அலை இப்படி அடிக்கும்வரை நமக்குப் பாறையில் வேலை இல்லை. தூண்டில் ரீலைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்த 8000 சைஸ் ஸ்பின்னிங் ரீல். போன சீசனில் பாரை, சீலா எல்லாம் இழுத்தது. இப்போது கைப்பிடியைச் சுற்றினால் கரகரக்கிறது. லைன் ரோலர் அசையவே இல்லை. கழற்றக் கழற்ற செல்போனில் படம் எடுத்து, முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்தேன். அம்மா அட்டையைத் தேடினாள்; பதில் சொல்லவில்லை.

ஜூன் 10, திங்கள்
நாலு பேரிங்: பெரிய பல்சக்கரத்துக்கு இருபுறமும் ஒவ்வொன்று, பினியனுக்கு ஒன்று, லைன் ரோலரில் பொடியாக ஒன்று. மூடியைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தைக் குண்டூசியால் நெம்பி எடுத்து, பெட்ரோலில் ஊறப்போட்டேன். மொட்டைமாடியில்தான், அடுப்பு இருக்கும் பக்கம் இந்த வேலை ஆகாது.

ரோலர் பேரிங் மட்டும் முழுக்கத் துரு. நனைந்த லைன் உரசிப் போவது அதன் மேல்தான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கும்.

ஸ்டெயின்லெஸ் என்று பெயர். பேரிங்குக்கு வழக்கமாக வரும் 440சி எஃகில் குரோமியம் 16 முதல் 18 சதவீதம் உண்டு. ஆனால் கெட்டியாக இருப்பதற்காகக் கார்பனும் 1 சதவீதம் போலச் சேர்ப்பார்கள். அது குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. துருவைத் தடுக்க மிச்சம் நிற்பது குறைவு. உப்பின் குளோரைடு குரோமியம் குறைந்த இடம் பார்த்துக் குழி பறிக்கும்.

ஜூன் 11, செவ்வாய்
ரீல் பாடியின் இடுக்கில் கறுப்பு மணல். காந்தத்தை நீட்டினேன், பாதி ஒட்டிக்கொண்டது. அது பெரும்பாலும் இல்மனைட். மணவாளக்குறிச்சி ஆலையில் அதைப் பிரிப்பதும் காந்தத்தால்தான். ஒட்டாத மிச்சத்தில் சிர்க்கான் இருக்கும். ஒட்டியதற்குள் கார்னெட்டும் கொஞ்சம் இருக்கலாம். இரண்டும் பேரிங் எஃகையே கீறும். கார்னெட்டைத்தானே உப்புத்தாளில் ஒட்டுகிறார்கள்!

இந்தக் கரை மணல் எதிலும் ஏறும். ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் இங்கே மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

கழுவிய பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பக்கவாட்டில் லேசாக அழுத்திச் சுற்றினேன். காய்ந்த பேரிங் சத்தம் போடுவது சகஜம். எண்ணெய் விட்ட பிறகும் இடறினால் உள்ளே குழி விழுந்துவிட்டது. எந்தக் கழுவலும் அதைச் சரிசெய்யாது. பல்சக்கரத்தின் ஒரு பேரிங் மட்டும் தேறியது.

ஜூன் 13, வியாழன்
நாகர்கோவில் பேரிங் கடை. வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் அளந்தார்கள். 8×16×5 என்றால் 688. 7×14×5 என்றால் 687. "மிக்சிக்கு, பம்பு மோட்டாருக்கு உண்டு. இம்புட்டு பொடிசு ஆர்டர் போட்டாத்தான் வரும்."

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். இசட்இசட் என்றால் தகரமூடி. தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது. டூஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும் என்றார் கடைக்காரர். ‘ஏபெக் 7’ என்று பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். அது அளவின் துல்லியத்துக்கான தரம். துருப்பிடிக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஜூன் 15, சனி
செராமிக் போடலாமா என்று ஆசை. சிலிக்கான் நைட்ரைடு குண்டு. எஃகின் எடையில் பாதிகூட வராது, துருவும் பிடிக்காது. முட்டத்தில் எஞ்சின் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன்.

"குண்டு சரி. வளையம் என்னது மக்கா?"

"எஃகுதான்."

"அப்போ வளையம் துருப்பிடிக்குமே. சரி, நீ எறியும்போ இந்த ரீல்ல எது சுத்துது?"

ஒன்றும் சுற்றாது. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் நிற்கும், லைன்தான் உருவிக்கொண்டு போகும். ஸ்பூலே சுழலும் பெயிட்காஸ்டரில் செராமிக்கால் எறி தூரம் கூடலாம். எனக்கு அதனால் ஒரு அடியும் கூடாது. சீலுக்கும் கிரீசுக்கும் செலவழிப்பதே புத்தி.

ஜூன் 20, வியாழன்
பேரிங் வந்தது. பல்சக்கரத்துக்கும் பினியனுக்கும் டூஆர்எஸ். சீலை மெல்லத் தூக்கி மரைன் கிரீசை நிரப்பினேன். ரோலர் பேரிங்கில் விளிம்புவரை. கிரீஸ் அடைத்துக்கொண்ட இடத்தில் கடல்நீர் குடியேற முடியாது. கைப்பிடி பின்னால் சுற்றாமல் பிடிக்கும் உருளைக் கிளட்சில் மட்டும் கிரீஸ் கூடாது. உருளைகள் வழுக்கும், மீன் இழுக்கும்போது கைப்பிடி திரும்பி விரலில் அடிக்கும். அங்கே மெல்லிய எண்ணெயை ஒற்றியெடுத்ததோடு சரி.

ஜூன் 23, ஞாயிறு
பூட்டியாயிற்று. கரகரப்பு போய்விட்டது. முன்பைவிடக் கை கொஞ்சம் கனக்கிறது, கடைக்காரர் சொன்னதுதான். மச்சான் வீடியோ காலில் சுற்றிப் பார்க்கச் சொல்லி, "ஸ்மூத்தா இல்லையே" என்றான். பாறையில் நிற்கப்போவது நான்.

இனி வந்ததும் டிராகை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மேலே மெல்ல ஊற்ற வேண்டும். ஹோஸ் பைப்பைப் பீச்சினால் உப்பு உள்ளேதான் போகும். பிறகு டிராகைத் தளர்த்தி, நிழலில் காயவைக்க வேண்டும்.

செராமிக்குக்கு ஒதுக்கிய காசு மிச்சம். ஆகஸ்டுக்குள் புது பிரெய்டு லைன் வாங்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு அட்டை முட்டையும்.