இரண்டு கேசட்டுகள், ஒரு பெயர்

'ஹாலோவீன்' படத்தை நாங்கள் முதன்முதலாகப் பார்த்த இரவில் வாப்பா ஊரில் இல்லை. 1980களின் இறுதி அது. வாடகைக்கு எடுத்த டெக்கில், ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு சகோதரர்கள் மூவரும் பார்த்தோம். மறுநாள் திரும்பிய வாப்பா கேசட்டின் உறையைக் கண்டார். ஏசவில்லை. "இதப் பாத்த கண்ணோட ஃபஜ்ருக்கு எப்படிப் போனிய?" என்று மட்டும் கேட்டார். அதே ஆண்டு ரமலானில் 'தி மெசேஜ்' கேசட்டைத் தாமே தேடி எடுத்து வந்து, தெருவாரையெல்லாம் அழைத்துக் காட்டியவர் அவர்.

அண்மையில் மூவரும் ஒன்றுகூடியபோது, பெரிய காக்கா அப்படத்தை மடிக்கணினியில் மீண்டும் ஓடவிட்டார். கருந்திரையில் ஒரு பூசணி விளக்கு. அதனருகே 'முஸ்தபா அக்காத் வழங்கும்' என்ற எழுத்துகள். காக்கா அப்படியே நிறுத்திவிட்டார். சிரியாவின் அலெப்போவில் பிறந்து, 1976இல் 'தி மெசேஜ்' படத்தை இயக்கிய அதே அக்காத்!

ஜான் கார்பென்டர் என்ற இளம் இயக்குநர் 1978இல் எடுத்த இப்படத்துக்கு அவர் கொடுத்த பணம் ஏறத்தாழ 3 லட்சம் டாலர். கொலையாளியின் முகமூடி, கடையில் மலிவாக வாங்கிய 'ஸ்டார் டிரெக்' கேப்டனின் முகம். அதற்கு வெள்ளை வண்ணம் அடித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வசந்தகாலத்தில் எடுத்ததால், சருகுகளுக்கும் வண்ணம் பூசித் தெருவில் இறைத்து இலையுதிர் காலமாக்கினார்கள். இசையையும் இயக்குநரே அமைத்துக்கொண்டார்.

இரத்தம் ஆறாக ஓடிய படமென்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தோம். மீண்டும் பார்த்தால் இரத்தம் மிகச் சொற்பம். இம்முறை எங்களை உலுக்கியது வேறொன்று. உயிர் தப்பி ஓடிவரும் பெண் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். விளக்கு எரிகிறது, உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார்கள், விளக்கு அணைந்துவிடுகிறது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றிக் கேட்ட பயான்கள் அனைத்தும் அந்நொடியில் நினைவுக்கு வந்தன. இளமையில் இக்காட்சி எங்கள் கண்ணில் பட்டதாகவே நினைவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவையோ குரலையோ காட்டாமல், அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி நடிகர்களைக் கொண்டு படமெடுத்தவர், இதற்கு ஏன் பணம் போட்டார்? இளையவர் அதை ஏற்கவே மறுத்தார். "நல்ல படம் எடுக்கிறவனுக்கும் சோறு வேணும்ல" என்றார் காக்கா. உமர் முக்தாரைப் பற்றி 1981இல் அக்காத் இயக்கிய படம் போட்ட முதலைக்கூட மீட்கவில்லை. ஹாலோவீன் வரிசையோ 2002க்குள் எட்டுப் படங்களாக வளர்ந்துவிட்டது. சலாஹுத்தீன் அய்யூபியைப் பற்றி எடுக்க விரும்பிய படம் கைகூடவே இல்லை.

2005 நவம்பர் 9 அன்று அம்மான் நகர ஓட்டல்களில் குண்டுகள் வெடித்தன. மகள் இறந்தார், இரண்டு நாளில் அக்காத்தும் மறைந்தார். குண்டு வைத்தவர்கள் தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள். இதைக் காக்கா வாசித்து முடித்தபின் மூவருமே வாய் திறக்கவில்லை.

வாப்பா மௌத்தாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இரு கேசட்டுகளிலும் இருந்தது ஒரே பெயர் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. இஷா தொழுது வந்த பிறகு, காக்கா 'தி மெசேஜ்' படத்தைத் தேடத் தொடங்கினார்.