குகைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

கொல்லத்துக்குக் கிளம்பும் நாளில் மல்லிகையை மொட்டாகத்தான் வாங்குவேன். காலையில் மதுரைக் கடைத்தெருவில் இறுக்கமாக, பச்சை வாடையோடு இருக்கிற மொட்டைக் கட்டி வாங்கி, வாழையிலையில் வைத்து, ஈரத்துணி சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும்வரை அது வாய் திறக்காது. போன ஆடியில் பூவோடு ஒரு மரச் சொப்பும் எடுத்துக்கொண்டேன். அடுப்பு, பானை, அம்மி, ஆட்டுரல், திருகை, குடம் என்று பனையோலைப் பெட்டிக்குள் அடுக்கிய செட்டு. கொல்லத்தில் வாழும் என் தோழியின் மூத்த மகளுக்கு ஏழு வயது. இளையவனுக்கு மூன்று. ‘பெரியம்மா எப்ப வரும்?’ என்று ஒரு வாரமாகப் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள் பெரியவள்.

மதுரையிலிருந்து குருவாயூர் போகும் பகல் வண்டி ஒன்று இருக்கிறது. முற்பகலில் ஏறினால் இருட்டியபின் கொல்லம். 2023இல் துண்டு துண்டாக ஓடிய வண்டிகளை இணைத்து இதை விட்டபோது எங்கள் இரண்டு வீட்டிலும் கொண்டாடினோம். அதற்கு முன்பு பகலில் போக வேண்டுமென்றால் செங்கோட்டையில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

திருப்பரங்குன்றம், திருமங்கலம், கள்ளிக்குடி. விருதுநகர்வரை எல்லோருக்கும் பழக்கமான தடம்தான். விருதுநகரில் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போகும் தடத்தை விட்டுவிட்டு வண்டி மேற்கே திரும்புகிறது. தென்காசிவரை நீளும் இந்தப் பாதை 1927இல் போடப்பட்டது. சிவகாசியில் கை நிறைய மூட்டையோடு குடும்பங்கள் இறங்குகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்காமல் நான் போனதில்லை. இந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னவனுக்கு அதெல்லாம் தெரியாது. மந்தார இலையோ காகிதமோ, பொட்டலத்தின் கயிற்றை அவிழ்ப்பதுதான் அவனுக்குச் சந்தோஷம்.

ராஜபாளையத்தில் மலை பக்கத்தில் வந்துவிடும். அங்கிருந்து சங்கரன்கோவில், பாம்புக்கோயில் சந்தை, கடையநல்லூர் என்று தென்காசிவரை வலப்பக்கம் மலை கூடவே வருகிறது. கரிசல் கறுப்பு மெல்ல மெல்லச் செம்மண்ணாகி, தென்காசியை நெருங்கும்போது வயலில் தண்ணீர் நிற்கிறது. ஆடிக் காற்று ஜன்னல் வழியாகச் சாரலைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தது. மலைத்தொடர் ஆரியங்காவில் கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து இந்தப் பக்கம் வருவதால்தான் குற்றாலத்துக்கு ஒரு சீசனே உண்டு. மழைக்கு வழிவிட்ட அதே இடைவெளியில்தான் ரயிலும் போகிறது.

செங்கோட்டையில் வண்டி நின்றால் நான் பிளாட்பாரத்தில் இறங்கிப் பின்பக்கம் நடந்துபோய்ப் பார்ப்பேன். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டுவார்கள். பேங்கர் என்று பெயர். மலையேறும்போது தள்ளுவதற்கும், அந்தப் பக்கம் இறங்கும்போது பிடித்துக்கொள்வதற்கும் அது. புனலூரில் கழற்றிவிடுவார்கள். நடுவில் உள்ள 49 கிலோமீட்டர் முழுக்க முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வண்டியும் நிதானமாகத்தான் போகும். செங்கோட்டையிலிருந்து கொல்லம் 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்கே மூன்றரை மணி நேரம் பிடிக்கும்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அதற்கு முன்பு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ராஜ்யம். ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1904இல், இந்த மலைப்பாதை திறந்தது. திருவிதாங்கூருக்குள் முதலில் ரயில் புகுந்த வழி இதுதான். கொல்லத்திலிருந்து கோட்டயம் வழியாக எர்ணாகுளத்துக்குத் தடம் முழுமையானது 1958இல். அதுவரை அரை நூற்றாண்டுக்கு மேல் கொல்லத்துக்காரர்கள் ரயிலில் திருவிதாங்கூரை விட்டு வெளியே போவதென்றால் இந்த மலையேறித் தமிழ்நாட்டுப் பக்கம்தான் வந்தாக வேண்டும். பெண் எடுத்ததும் கொடுத்ததும், முந்திரியும் மிளகும் போனதும், அரிசியும் துணியும் வந்ததும் இந்தத் தடத்தில்தான். கொல்லத்தில் இன்றும் தமிழ் தெரிந்த கடைக்காரரைத் தேட வேண்டியதில்லை.

2010 செப்டம்பரில் புனலூர் - செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையை மூடினார்கள். அகலப்பாதையாக்கும் வேலை. முடிய எட்டு வருஷம் ஆனது. தோழிக்குக் கல்யாணமாகிக் கொல்லம் போனது 2012இல். அப்போது பஸ்தான். மதுரையிலிருந்து செங்கோட்டை, அங்கிருந்து மலையேறும் இன்னொரு பஸ். கழுதுருட்டிக்கு முன்னால் சாலை ஓரத்திலேயே பதின்மூன்று கண் பாலம் நிற்கும். கருங்கல்லில் பதின்மூன்று வளைவு, கீழே ஆறு. பஸ் அதை ஒட்டித் திரும்பும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்ப்பேன். மேலே தண்டவாளம் பெயர்க்கப்பட்டிருக்கும். கைப்பிடிச் சுவரின் விளிம்பில் செடி முளைத்திருக்கும். நூறு வருஷம் ரயிலைத் தாங்கிய பாலம் சும்மா நிற்பதைப் பார்க்க மனசு கனத்துப்போகும்.

அந்த வருஷங்களில் நான் கொல்லம் போனது நான்கே தடவை. அவளுக்கும் மதுரைக்கு வருவது பெரும்பாடு. மலைச் சாலையின் வளைவுகளில் அவளுக்கு வாந்தி வந்துவிடும். போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் போனில் அவள் என்னிடம் செய்திகளைத்தான் சொன்னாள். எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசும் பேச்சு வேறு. ஒரு தடத்தை மூடும்போது எத்தனை வண்டி, எத்தனை பயணி என்று எழுதிக்கொள்கிறார்கள். எத்தனை வீடுகள் தூரமாகிப் போயின என்று யாரும் எழுதிவைப்பதில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

2018 ஜூனில் பாதை மறுபடி திறந்தது. அந்த வருஷம்தான் பெரியவள் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் தாய்வீட்டில், மதுரையில். மூன்று மாதம் கழித்துக் குழந்தையை ரயிலில்தான் கொண்டுபோனோம். துணைக்கு நானும் போனேன். பகவதிபுரம் தாண்டியதும் குகை வரும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் மலையைக் குடைந்து போட்ட வழி. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். குழந்தை என் மடியில் இருந்தாள். அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று இருட்டானதும் அழுகையை நிறுத்திவிட்டாள். சத்தம் மட்டும் பெட்டியை நிறைத்தது. என் விரல் ஒன்றை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் வந்தபோது கண்ணை அகலத் திறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையை ஒவ்வொரு முறையும் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். சொன்னதிலிருந்து ஒரு வார்த்தை மாறினாலும் திருத்துவாள்.

இந்தத் தடவை கிளம்பும் முன்பே உத்தரவு வந்துவிட்டது. ‘பெரியம்மா, குகையில கூவணும். மறக்கல்லே!’ குகைக்குள் நுழைந்ததும் பக்கத்துப் பெட்டியிலிருந்து பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தினார்கள். எதிரே அமர்ந்திருந்த பெரியவர் புன்னகைத்தார். நானும் கத்தினேன். வாக்குக் கொடுத்தாயிற்று.

வெளியே வந்தால் ஆரியங்காவு. மலை முழுக்கப் பச்சை; மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. இங்கே ஐயப்பன் கோயில் இருக்கிறது. மார்கழியில் ஐயப்பனுக்கும் புஷ்கலைக்கும் திருக்கல்யாணம் நடக்கும். புஷ்கலை மதுரையைச் சேர்ந்த சௌராஷ்டிரப் பெண் என்பது நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு வருஷமும் மதுரை சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராகச் சீர்வரிசையோடு மலையேறி வந்து சம்பந்தி மரியாதை பெறுகிறார்கள். கல்யாணமான புதிதில் தோழி இதைக் கேள்விப்பட்டதும் எனக்குப் போன் செய்தாள். “எனக்கு முன்னாலேயே ஒருத்தி மதுரையிலேர்ந்து இங்க வாழ வந்திருக்காடி” என்றாள். புகுந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். இருந்தாலும் அந்தக் குரலில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

பிறகு அந்தப் பதின்மூன்று கண் பாலம். மேலே போகும்போது வளைவுகள் தெரியாது. கீழே சாலையில் ஒரு பஸ் போவது தெரிந்தது. தென்மலை, ஒற்றக்கல், இடமண். ரப்பர் மரங்களின் வரிசைகள் ஜன்னலில் திறந்து மூடிக்கொண்டே இருந்தன. மரத்துக்கு மரம் மழைநீர் இறங்காமல் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். சாயங்கால வெளிச்சம் மங்கும்போது புனலூர். கல்லடையாற்றின்மேல் 1877இல் கட்டிய தொங்குபாலம் உள்ள ஊர். பின்னால் இருந்த எஞ்சின் இங்கே விடைபெற்றது. அந்த நேரத்தில்தான் என் பைக்குள்ளிருந்து மல்லிகை வாசம் வந்தது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா மலையாளத்தில், “மதுரையில்நின்னாணோ?” என்று கேட்டார். பூ வாசத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிட்டார். ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தேன். கொட்டாரக்கரையில் அவர் இறங்கிப் போனார்.

குண்டறை, கிளிகொல்லூர்ப் பக்கம் முந்திரித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிப்பதெல்லாம் பெரும்பாலும் பெண்கள். தோழியின் மாமியார் இளவயதில் அப்படி ஒரு தொழிற்சாலையில் ஓடு உடைத்தவர். முந்திரி ஓட்டுப் பால் பட்டுக் கறுத்த விரல் நுனிகள் பழையபடி ஆகவே இல்லை. கொல்லம் வரும்போது நன்றாக இருட்டி, மழையும் விட்டிருந்தது.

சின்னக்கடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவசரத்தில் பெரியம்மா ‘வல்யம்ம’ ஆகிவிட்டிருந்தது. சின்னவன் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். போன தடவை பார்த்ததை அவன் மறந்திருந்தான். தோழி சமையலறையிலிருந்து, “வாடி, அஞ்சு நிமிஷத்தில் வந்துட்டேன்” என்றாள். அந்த ஐந்து நிமிஷம் ராத்திரி பத்தரை மணிக்குத்தான் வந்தது. அதற்குள் ஒருத்திக்குக் கஞ்சி, இன்னொருத்தனுக்குப் பால், கொட்டிய பாலைத் துடைத்தது, தொலைந்த கரடிபொம்மையைக் கட்டிலுக்கடியில் தேடியது. பத்தரைக்கு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். “அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?” என்று ஆரம்பித்தாள். பதில் சொல்லி முடிக்குமுன் சின்னவன் எழுந்துவிட்டான்.

பிள்ளை பிறந்ததும் சிநேகிதிகள் மாறிவிடுகிறார்கள் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். நேரம் இருக்கிறவள்தான் ரயிலேற வேண்டும். மறுநாள் காலை சின்னவனை நான் தூக்கி வைத்துக்கொண்டேன். தோழி அவசரமில்லாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். குளித்து வந்தவள் ஈரத்தலையோடு திண்ணையில் உட்கார்ந்து, வேலையை விட்டது பற்றியும், அதை இன்னும் வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லாதது பற்றியும் பேசினாள். எட்டு மாதப் போன் பேச்சில் வராத விஷயம்.

முற்றத்தில் பெரியவள் சொப்பைப் பரப்பியிருந்தாள். அம்மி, ஆட்டுரல், பானை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

“பெரியம்மா, புட்டுக்குற்றி எவிடெ?”

மதுரைச் சொப்பில் புட்டுக்குழாய் கிடையாது. எனக்குத் தோன்றவேயில்லை. அவள் முகம் வாடியது. உள்ளேயிருந்து அச்சம்மா, தோழியின் மாமியார், வந்தார். எதுவும் பேசாமல் பின்பக்கம் போய், பப்பாளி மரத்திலிருந்து ஓர் இலைக்காம்பை ஒடித்து வந்தார். உள்ளே துவாரமான காம்பு. கத்தியால் விரல் நீளத்துக்கு நறுக்கி, பால் போகக் கழுவி, பேத்தி கையில் கொடுத்தார். பெரியவள் ஆடி மழையில் நனைந்த மணலை அள்ளி அதில் அடைத்தாள். நடுநடுவே தேங்காய்த் துருவலுக்காகக் கிள்ளிய செம்பருத்தி இதழ். ஈர்க்குச்சியால் ஒரு முனையிலிருந்து தள்ளினாள். பாதி வரும்போது உடைந்தது. மறுபடி அடைத்தாள். மூன்றாவது முறை முழுசாக, உருளையாக, வெளியே வந்து இலையில் விழுந்தது. தம்பி கையை நீட்டினான். அவன் கையைத் தட்டிவிட்டு, இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திண்ணைக்கு வந்தாள்.

“ஆறிப்போகும். சீக்கிரம் தின்னு” என்றாள்.