வளராமல் இருக்கத் தெரிந்த நெல்

காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் சம்பாவும் தாளடியும் நாள்கணக்கில் நீருக்குள் கிடக்கும். ஒரு வாரம் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் அழுகிப்போகும். சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம் பத்து, பதினான்கு நாள் முழுக மூழ்கினாலும் நீர் வடிந்ததும் புதுக் குருத்து விடும். நம் விவசாயிகள் பொன்மணி என்று அறிந்த பழைய சி.ஆர். 1009-க்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு, ஒன்பதாவது குரோமோசோமில் சேர்க்கப்பட்ட ஒரு சிறு துண்டுதான். அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் பின்னோக்கிப் போனேன். நவீன அறிவியலின் படைப்பு என்று இதைச் சொல்வது வழக்கம். கிடைத்த சான்றுகளோ வெள்ளக்காட்டில் விதைநெல்லைக் காத்துவந்த குடியானவர்களிடம் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

2006-இல் கெனாங் சூ, டேவிட் மெக்கில், பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் சப்-1ஏ என்ற மரபணுவை அடையாளம் காட்டினார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, அது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று சூவும் மெக்கிலும் கண்டிருந்தார்கள். இரண்டு ஆய்வுகளுக்கும் மூலம் எஃப்.ஆர். 13ஏ என்ற ஒரே நெல். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் சேமிப்பிலிருந்த ரகங்களை நீரில் மூழ்கடித்துச் சோதித்தபோது உயிர் தப்பிய மிகச் சிலவற்றில் அது முதன்மையானது. ஆனால் எஃப்.ஆர். 13ஏ-யும் யாரும் புதிதாக உருவாக்கியதல்ல. ஒடிசாவின் தாழ்நிலங்களில் பயிராகிவந்த தளபுட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்து பிரித்தெடுத்த தூய வரிசை அது. அதே சோதனைகளில் தேறியவை என்று ஏடுகள் குறிக்கும் குர்கருப்பன், தவலு, கொட ஹீனட்டி ஆகியவை இலங்கையின் நாட்டு நெல்கள். தாங்கும் தன்மை கிடைத்த இடமெல்லாம் பழைய விதையாகவே இருப்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்த நெல் நீருக்குள் என்னதான் செய்கிறது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எத்திலீன் என்ற வாயுவைச் செடிகள் எப்போதும் சிறிதளவு வெளிவிடுகின்றன. காற்றில் பரவுவதைவிட நீரில் வாயு ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால், மூழ்கிய செடியின் திசுக்களுக்குள்ளேயே அது தேங்கிவிடுகிறது. செடிக்கு ‘மூழ்கிவிட்டோம்’ என்ற செய்தி அதுதான். சாதாரண நெல்லில் அந்தச் செய்தி ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தூண்டுகிறது. இலைகள் மூச்சுக்காக நீர்மட்டத்தை நோக்கி நீள்கின்றன. கலங்கல் நீரில் வெளிச்சம் போதாது, புதிதாக உணவு ஆவதும் குறைவு. அதனால் தண்டில் சேர்ந்திருந்த மாவுச்சத்து முழுவதும் இந்த நீட்சியிலேயே செலவாகிறது. நீர் வடியும்போது வெளுத்து மெலிந்த நாற்றுகள் துணி போலச் சேற்றில் சாய்ந்து கிடக்கும். சப்-1ஏ உள்ள நெல்லிலும் அதே எத்திலீன்தான் தேங்குகிறது. அங்கே அது சப்-1ஏ-வை எழுப்ப, சப்-1ஏ ஜிப்பரெலினுக்குக் கடிவாளமிடும் புரதங்களைப் பெருக்குகிறது. செடி குட்டையாகவே நின்று, பச்சையையும் சேமிப்பையும் காத்துக்கொள்கிறது. நீர் வடிந்த சில நாளில் வெளிவரும் குருத்து அந்தச் சேமிப்பில் பிறந்தது. வளர்ச்சியை நிறுத்துவதும் சூழலுக்குச் செடி தரும் முழுமையான பதில்தான்.

அடங்கியிருப்பது அவ்வளவு நல்லதென்றால் எல்லா நெல்லும் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்கலாம். வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல் இதற்கு விடை. அங்கே நீர் மாதக்கணக்கில் நிற்கும், ஆளுயரத்தையும் தாண்டும். அடங்கியிருக்கும் செடி அங்கே செத்துவிடும். ஆகவே ஆழ்நீர் நெல் ஒரே நாளில் 20, 25 சென்டிமீட்டர்கூட நீண்டு நீருக்கு மேலே தலை நீட்டுகிறது. 2009-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு அதற்குக் காரணமான ஸ்னார்க்கல் மரபணுக்களைக் கண்டது. அவையும் சப்-1ஏ-யும் ஒரே மரபணுக் குடும்பம், இரண்டையும் எழுப்புவது அதே எத்திலீன், பிறக்கும் கட்டளை மட்டும் நேர் எதிர். வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு விதைக்குள் பதிந்திருக்கிறது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பயனுள்ளதைத் தேர்ந்தது வெள்ளம், இதில் விவசாயிக்கு என்ன பங்கு? காட்டு நெல் இனங்களிலும் சப்-1ஏ காணப்படுவதால் அது மனிதர் உண்டாக்கியதல்ல என்பது சரியே. ஆனால் வெள்ளம் செடியைத்தான் விட்டுவைக்கும். அதன் மணியை அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்துவைக்க ஆள் வேண்டும். நல்ல ஆண்டில் குறைவாகவே விளையும் நெட்டை நெல்லை, கெட்ட ஆண்டை நினைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் இருந்தது மனிதர் எடுத்த முடிவு. ஆய்வாளர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எஃப்.ஆர். 13ஏ-யை நேரடியாகக் கலந்த ஆரம்பகால முயற்சிகளில் குறைந்த விளைச்சலும் சுவை குன்றிய அரிசியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. மரபணுக் குறியீடுகளின் துணையோடு வேண்டிய துண்டை மட்டும் ஸ்வர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்த பிறகே, 2009-இல் ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் வெளியானது. ஒடிசாவில் நடந்த கள ஆய்வொன்று 2013-இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயலில் ஸ்வர்ணா சப்-1, ஸ்வர்ணாவைவிட 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது என்றும், பட்டியல் சாதியினரின் நிலங்கள் வெள்ளம் தேங்கும் பள்ளங்களிலேயே அதிகம் என்பதால் பயனும் அவர்களுக்கே கூடுதல் என்றும் அந்த ஆய்வு காட்டியது. பள்ளத்து நிலத்தின் விதை, ஆய்வகம் சுற்றிப் பள்ளத்து நிலத்துக்கே திரும்பியிருக்கிறது. அதைக் காத்தவர்களின் பெயர் எந்த ஆய்வுத்தாளிலும் இல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சப்-1ஏ எல்லா வெள்ளத்துக்கும் மருந்தல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் அதுவும் தோற்கும். அரைகுறை உயரத்தில் நெடுநாள் தேங்கும் நீரில் அதன் குட்டைத்தனமே பாதகமாகும். நேரடி விதைப்பில் முளைக்கும் முன்பே மழை மூடிவிட்டால் அதனால் உதவ முடியாது; அங்கே விதை ஆக்சிஜன் இல்லாமலே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி முளைவிட வேண்டும். அந்தத் திறனைத் தரும் மரபணு 2015-இல் அறிவிக்கப்பட்டது. அது கிடைத்தது காவ் ஹ்லான் ஆன் என்ற மியான்மர் நாட்டு நெல்லிலிருந்து.