கண் காணாத கடைக்கால்

இங்கிலாந்து நாட்டின் தென்பகுதியில், இச்சென் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ளது வின்செஸ்டர் நகர். அதன் நடுவே ஏறத்தாழ 170 மீட்டர் நீளமுடைய பழம்பெரும் பேராலயம் ஒன்று நிற்கிறது. நம் கத்தோலிக்க முன்னோர் எழுப்பிய அவ்வாலயம், பதினாறாம் நூற்றாண்டின் சமய மாற்றத்திற்குப் பின் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொறுப்பில் இருந்து வருகிறது. அங்குச் செல்வோர் அதன் உயர்ந்த கல் வளைவுகளை அண்ணாந்து நோக்கி வியப்பது வழக்கம். தொழில் செய்து குடும்பம் காக்கும் நம் பங்கு மக்களோ, அங்கே தலைகுனிந்து தரையைப் பார்த்தல் நலம். அவ்வாலயம் அவர்களுக்குச் சொல்லும் பாடம் தரைக்கு அடியில் இருக்கிறது.

1079-ஆம் ஆண்டில் ஆயர் வாக்கெலின் அவ்வாலயத்தைக் கட்டத் தொடங்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் காட்ஃப்ரி டி லூசி அதனைக் கிழக்கே நீட்டினார். அந்நிலமோ சதுப்பு நிலம். மேலே ஈரமண், அதன்கீழ் மக்கிய செடிகொடிகளாலான கரிமண், அதற்கும் கீழேதான் உறுதியான சரளைப் படுகை. சரளைவரை தோண்டாமல், பீச் மரக்கட்டைகளைத் தெப்பம்போல் அடுக்கி, அவற்றின்மேல் சுவர் எழுப்பினர். வளர்ச்சி கண்ணுக்கு அழகாயிற்று. கடைக்கால் மட்டும் கரிமண்ணில் நின்றது.

நூற்றாண்டுகள் கடந்தன. 1905-ஆம் ஆண்டளவில் சுவர்கள் சாய்ந்து, பெரும் வெடிப்புகள் தோன்றின. கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனும் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸும் அழைக்கப்பட்டனர். தோண்டிய குழிகளில் எல்லாம் நீர் பொங்கிற்று. நீரை இறைத்து வெளியேற்றினால் அடியிலுள்ள மண்ணும் சேர்ந்து கரைந்து, ஆலயமே சரியக்கூடும் என்ற அச்சம் எழுந்தது.

அப்பொழுது வந்தவர் வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்புத் தொழிலாளி. 1906 முதல் 1911 வரை அவர் அக்குழிகளில் இறங்கினார். சுமார் ஆறு மீட்டர் ஆழம். கலங்கிய நீரில் ஒளியே கிடையாது. கனத்த உடையணிந்து, கையால் தடவித் தடவியே கரிமண்ணை அகற்றி, சரளையின்மீது காங்கிரீட் மூட்டைகளைப் பரப்பினார். நீரூற்று அடைபட்டபின் நீரை இறைத்தார்கள். கொத்தர்கள் இறங்கி மேலே கட்டினார்கள். இவ்வாறு ஏறத்தாழ 25,000 மூட்டைகளும் 1,15,000 காங்கிரீட் கட்டிகளும் 9,00,000 செங்கற்களும் மண்ணுக்குள் சென்றன. 1912 ஜூலை 15 அன்று நடந்த நன்றி வழிபாட்டில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் கலந்துகொண்டார். 1918-இல் பரவிய கொள்ளைநோய்க் காய்ச்சலில் வாக்கர் உயிர் நீத்தார்.

அவருக்கென 1964-இல் ஒரு சிலை வைத்தனர். ஆனால் சிற்பி தவறுதலாகப் பொறியாளர் ஃபாக்ஸின் முகத்தையே வடித்துவிட்டார்! 2001-இல்தான் வாக்கரின் உண்மை முகத்துடன் வேறு சிலை அமைந்தது. கடைக்கால் போட்டவரின் முகத்தை உலகம் மறக்கலாம். அவர் தாங்கிய சுவர் மறப்பதில்லை.

அன்பர்களே, சிறு கடையோ பட்டறையோ நடத்தும் உங்களுக்கு இதில் மூன்று செய்திகள் உண்டு.

முதலாவது, விரிவுபடுத்துமுன் ஆழம் பாருங்கள். முதற்கடையின் கணக்கு நேராகாமல் இரண்டாம் கடை திறப்பது, கரிமண்மேல் மரக்கட்டை அடுக்குவதே ஆகும். சரியான எடை, சொன்ன நாளில் வேலை, சனிக்கிழமை மாலையில் தொழிலாளிக்கு முழுக் கூலி, ஞாயிறன்று இறைவனுக்குரிய நேரம்: இவையே சரளைப் படுகை.

இரண்டாவது, அவசரப் பரிகாரத்தை நாடாதீர்கள். கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குவது, வெள்ளத்தை இறைக்கப்போய் அடிமண்ணையும் இழப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நம்பிக்கை இழக்காதீர்கள். சாய்ந்த ஆலயத்தை இடித்துத் தள்ளவில்லை. ஒரே நாளில் நிமிர்த்தவும் இல்லை. ஒரு குழி, பின்பு அடுத்த குழி என்று பகுதி பகுதியாகவே கடைக்காலைப் புதுப்பித்தனர். நொடித்த தொழிலும் அவ்வாறே சீராகும். இந்த மாதம் ஒரு கடன், அடுத்த மாதம் ஒரு வாக்குறுதி என்று நிறைவேற்றி வாருங்கள். பழைய பிழையோடு தொடங்கிய தொழிலுக்கும் புதிய கடைக்கால் போட இயலும்.

ஆழமாகத் தோண்டிப் பாறைமீது அடித்தளமிட்டவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறியதை லூக்கா எழுதியுள்ளார். அவ்வாறு கூறிய ஆண்டவர் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர். கிறிஸ்துவைத் தவிர வேறு அடித்தளம் இட இயலாது எனக் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், அந்நகரிலேயே கூடாரத் தொழில் செய்தவர். தொழிலின் வியர்வை அறிந்தவர்களின் சொற்கள் அவை. இருளில் தடவிக் கல் வைக்கும் உங்கள் கைகளையும் தந்தையாகிய இறைவன் காண்கிறார். தொழிலாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பர் உங்களுக்காகப் பரிந்து பேசுவாராக.