கேமராவோடு கிளம்பும் தம்பிக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, கேமராவோடு ஊர் சுற்றக் கிளம்புகிறான் எங்கள் தெருத் தம்பி ஒருவன். சொந்தக்காரர்கள் வந்து அவன் அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்குக் கோபமாக வருகிறது.

ஏ.கே.செட்டியாரை நாம் மறந்துவிட்டோமா? 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். வணிகம் செய்யும் நகரத்தார் குடும்பம். அவரோ ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போதுதான், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்தது. 26 வயதுகூட நிரம்பவில்லை! காந்தி உயிரோடு இருக்கிறார், நாடு வெள்ளைக்காரன் கையில். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். சேர்ந்தது சுமார் 50,000 அடி. அதை 12,000 அடியாகத் தொகுத்து 1940-ல் திரையிட்டார்.

பிறகு 'குமரி மலர்' பத்திரிகை, எத்தனையோ பயண நூல்கள். அத்தனையிலும் தன்னைப் பின்னுக்கு நிறுத்திக்கொண்டு, பார்த்ததை மட்டும் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னவர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

தம்பி, செட்டியார் முதலில் தொழிலைக் கற்றார், அப்புறம்தான் அலைந்தார். நீயும் கற்றுக்கொண்டே போ. அம்மாவுக்குத் தினமும் போன் பண்ணு. ஆவடியிலிருந்து ரயில் ஏறும் நாளைச் சொல், அவருடைய பயணக் கட்டுரைத் தொகுப்பை ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து தருகிறேன்.